மாமாவும் நானும் ஊர் மாற்றிக்கொண்டது

எங்கள் ஊரிலிருந்து யாராவது காலாவதியான விசா முத்திரையைப் புதுப்பிக்க இந்தியா கிளம்பினால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு ஒத்திகை உண்டு. எங்கள் ஊர் என்று நான் சொல்வது அமெரிக்காவில், நாலு பக்கமும் மக்காச்சோளக் கொல்லை சூழ்ந்த ஒரு காலேஜ் ஊரை. தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சாப்பிட்டு முடித்ததும், கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சமையல் மேடைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். அவர்தான் விசா அதிகாரி. கிளம்புகிறவர் ஃபைலோடு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். மற்றவர்கள் பாயசக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். சிரிப்பார்களே தவிர, யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே உளறிக் கொட்டியவர்கள் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் உளறாமல் தப்பித்திருக்கிறார்கள்.

என் முறை வந்தபோது அண்ணனுக்கு ஒரே ஒரு கவலைதான். நான் மக்காச்சோளத்துக்கு வரும் ஒரு வைரஸைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறேன்.

“ஒரு கேள்விக்கு ஒரு வரி. சோளம், விவசாயம், அவ்ளோதான். வைரஸ்ன்ற வார்த்தை வாயிலயே வரக் கூடாது,” என்றார்.

“அது செடிக்கு வர்றது அண்ணா. மனுஷன ஒண்ணும் பண்ணாது.”

“பாத்தியா, விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்ட. அதத்தான் வேணாம்ன்றேன்.”

மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று ஜனவரியில் கிளம்பினேன். கணவரும் அதே பல்கலைக்கழகத்தில்தான் பாடம் நடத்துகிறார். அவருடைய வேலையை நிரந்தரமாக்குவதா அவரை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் வருடம் அது. அவரால் அசைய முடியாது. போதாக்குறைக்கு, அவர் விசா முத்திரையும் காலாவதியாகித்தான் இருந்தது. உள்ளே இருக்கும்வரை கவலையில்லை, வெளியே வந்தால் அவரும் வரிசையில் நிற்க வேண்டும். ஐந்து வயது மகளை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன்.

அப்பா அம்மா கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார்கள். அங்கே போய் இறங்கினால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எத்தன நாள் லீவு?” மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் கேட்பார்கள், காய்கறிக் கடையில் கேட்பார்கள், ஆட்டோக்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். எனக்கு இதில் வருத்தமெல்லாம் கிடையாது. அவர்களுக்கு அது தேவைப்படுகிற விவரம். ஒரு வாரம் என்றால் காப்பி, மூன்று வாரம் என்றால் மதியச் சாப்பாடு. “மூணு வாரம்,” என்று நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பேன்.

சென்னையில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த விசா அதிகாரி என்னைவிடச் சின்னப் பெண். சிரித்த முகம். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். சோளம் என்றேன். அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். “சோளத்தில் என்ன?” என்று அவர் புருவத்தை உயர்த்தி, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். முதல் வருட மாணவர்களுக்குப் பாடம் எடுத்து எடுத்து எனக்கு ஒரு வியாதி. யாராவது புருவத்தை உயர்த்தினால் போதும், கையில் சாக்பீஸ் இல்லாத குறைதான். இலையில் வெளிர்மஞ்சள் கோடு எப்படி விழும், அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு வைரஸை எப்படிக் கொண்டுபோகும் என்றெல்லாம் சொன்னேன். அதோடு விட்டேனா? என் அப்பா கரும்பு ஆலையில் வேலை பார்த்தவர், மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக் கரும்பில் வருகிற நோயும் இதற்குப் பங்காளிதான் என்று குடும்பத்தையும் இழுத்துவிட்டேன். அவர் மிக நன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பாஸ்போர்ட்டையும் ஒரு தாளையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். சில சரிபார்ப்புகள் பாக்கி இருக்கின்றன, முடிந்ததும் மின்னஞ்சல் வரும். எப்போது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார், அதே சிரித்த முகத்தோடு.

மூன்று வாரம் முடிந்தது. திரும்பும் டிக்கெட்டின் தேதியும் வந்து போனது. என் ஆராய்ச்சிப் பேராசிரியர் நல்ல மனிதர். கணக்குப் போடும் வேலைகளை அங்கிருந்தே செய் என்றார். ஆனால் மே மாதம் விதைப்பு. அதற்குள் நான் வந்தால் அந்த வயல் எனக்கு, வராவிட்டால் வேறு ஆளைப் போட்டாக வேண்டும் என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டார். வயலை விட்டால் அடுத்த வருடம் எனக்கு அங்கே வேலை இல்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

வேலையைவிட, மகள்தான் பெரிய கவலை. வீடியோவில் அவளுடைய குடுமி காதுக்கு மேலே ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கணவர் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார், சாயங்காலம் யாராவது ஒரு தமிழ்க் குடும்பம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருக்கும். யார் வீடு என்பது நாளுக்கு நாள் மாறும். முதலில் என்னைப் பார்த்ததும் அழுதாள். பிறகு போனுக்கே வர மாட்டேன் என்றாள்.

சிதம்பரத்தில் இருக்கும் மாமனாரிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று பஸ் ஏறினேன். சிதம்பரமும் காலேஜ் ஊர்தான். ஒரு காலேஜ் ஊரிலிருந்து இன்னொரு காலேஜ் ஊருக்குத்தான் எங்கள் குடும்பம் போயிருக்கிறது. இரண்டு ஊரிலும் ஜெராக்ஸ் கடையும் மலிவான சாப்பாடும் பரீட்சைக் காலத்து முகங்களும் ஒன்றுதான். மாமா பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறார். மாடியில் இரண்டு அறையை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் கிறிஸ்தவப் பெண் என்று கல்யாணத்தின்போது அவர் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை என்று கணவர் சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை அவரை எங்கள் ஊருக்கு அழைத்துப் போயிருந்தோம். ஆறு மாதம் இருக்க வேண்டியவர் இரண்டே மாதத்தில் கிளம்பிவிட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, “ரோட்ல ஒரு மனுஷன் நடக்க மாட்டேன்றான்,” என்பார். இனிமேல் கூப்பிடாதே என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.

“தேதி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல மாமா.”

“நீ ஏன் ஜாஸ்தி பேசுன? ஜன்னலுக்கு அந்தாண்ட இருக்கறவனுக்கு உனக்குப் பின்னாடி நிக்கிற ஆளுதான் கண்ணுல தெரிவான்.”

நான் தூதரகத்தில் கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“புள்ளைக்கு யாரு தல சீவி உடுறது?”

“அவருதான்.”

“அவனா? அவன் தலையவே அவன் சீவ மாட்டான்.” எழுந்து போய் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். “எனக்கு விசா இன்னும் இருக்குல்ல, பாரு.”

பார்த்தேன். பல வருடம் இருந்தது.

“அப்ப நான் போறேன். நீ இங்க இரு. காத்தாலயும் சாயங்காலமும் மோட்டார் போடணும். மாடிப் பசங்க கேட்ட தொறந்து போட்டுட்டுப் போவானுங்க, சத்தம் போடணும். பால்காரருக்கு நானே சொல்லிடறேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமனார் முன்னால் உட்கார்ந்து அழுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் சங்கடப்பட்டு, நல்ல வெளிச்சத்தில் லைட்டைப் போட்டார், அணைத்தார், பிறகு காப்பி வைக்க உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் அவ்வளவு அன்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இப்படித்தான் நாங்கள் இருவரும் ஊரை மாற்றிக்கொண்டோம். நான் சிதம்பரத்தில் வீட்டுக்காரம்மா ஆனேன். மோட்டார் போட்டேன், கேட்டுக்குச் சத்தம் போட்டேன், பகல் முழுக்க மடிக்கணினியில் போன வருடத்துச் சோள இலைகளின் கணக்கைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் போய் அம்மாவோடு பூசைக்குப் போவேன். இப்போது எத்தனை நாள் லீவு என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. “இருக்கேன்,” என்பேன். கேட்டவர்களின் முகம் கொஞ்சம் மாறும். வேலை போய்விட்டதா, புருஷனோடு ஏதாவது தகராறா என்று கேட்க அவர்களுக்கு வாய் வராது. சாப்பிடவும் கூப்பிட மாட்டார்கள். அம்மா மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் ஆரம்பித்து, முடித்து, மறுபடியும் ஆரம்பித்தாள்.

மாடியில் இருந்த ஒரு மாணவன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, “மேடம், அங்க போயிட்டா லைஃப் செட்டில்தானே?” என்று கேட்டான். சிரித்துவிட்டேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. எங்களுக்கு அங்கே வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, கொல்லையில் நான் வைத்த கறிவேப்பிலை குளிர்காலத்தில் தொட்டியோடு வீட்டுக்குள் வரும். நிறையத்தான் கட்டியிருக்கிறோம். ஒரு பெண் புருவத்தை உயர்த்தினால் அத்தனையும் ஒரு தாளுக்குப் பின்னால் போய் நின்றுவிடும். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. நன்றாகப் படி என்றேன்.

அந்தப் பக்கம் மாமா வேறு ஆளாகியிருந்தார். முதல் தடவை ஜன்னலோரம் நின்ற மனிதர், இந்தத் தடவை பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவாராம். எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காசு கிடையாது. காலேஜை ஒரு முழுச் சுற்று சுற்றி, நூலகத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்வார். “பரீட்ச நேரம்மா, பசங்க மொகமே சரியில்ல,” என்று எனக்குச் செய்தி சொல்வார். இன்னொரு குடும்பம் முத்திரைக்குக் கிளம்பியபோது அண்ணன் சமையல் மேடையை விட்டு விலகி மாமாவை அந்தப் பக்கம் நிறுத்தினாராம். எத்தனையோ வருடம் மாணவர்களை ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தவர். ஒரு வரிக்கு மேல் யாரையும் பேசவிடாமல், “அடுத்து,” என்றாராம். ஒத்திகைக்கு வந்தவருக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது என்று கணவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

மகளுக்கு இப்போது வகிடு நேராக இருந்தது. இரட்டைப் பின்னல், நுனியில் ரிப்பன். அழுவதில்லை. போனுக்கு வருவாள், ஒரு நிமிஷம் பேசுவாள், தாத்தா கூப்பிடுகிறார் என்று ஓடிவிடுவாள். பழகிவிட்டாள், நல்லதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கு அது நல்லதாகவே படவில்லை.

ஏப்ரல் கடைசியில், மாடிப் பையன்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அடுத்த வாரம் முத்திரையோடு வந்தது. மாதா கொடுத்தது என்றாள் அம்மா. கம்ப்யூட்டர் கொடுத்தது என்றார் அப்பா. பேராசிரியருக்கு எழுதினேன். மழையால் விதைப்பு தள்ளிப்போயிருக்கிறது, வயல் உன்னுடையதுதான் என்று பதில் வந்தது.

வீட்டுக்குக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். மகள் போனைப் பார்த்து உட்கார்ந்திருக்க, மாமா பின்னால் சீப்போடு நின்றிருந்தார்.

“அம்மா அடுத்த வாரம் வர்றேன்டா.”

“தாத்தா?”

“தாத்தா அவங்க வீட்டுக்கு வரணும்ல. மோட்டார் போடணும்.”

அவள் என்னை நேராகப் பார்த்து, “நீ எத்தன நாள் இருப்ப?” என்று கேட்டாள்.

கடலூர்த் தெரு முழுக்க நடந்துகொண்டே பதில் சொன்ன கேள்வி. இப்போது என் மகள் கேட்கிறாள். என்னிடம் சரியான பதில் ஒன்று இருக்கத்தான் செய்தது. முத்திரையில் ஒரு முடிவுத் தேதி அச்சாகியிருக்கிறது. அதற்கப்புறம் நான் வெளியே வந்தால் மறுபடியும் சென்னை, மறுபடியும் ஜன்னல், அங்கே யார் உட்கார்ந்திருப்பார்களோ தெரியாது. விளக்கிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் தலைக்கு மேலே மாமா சீப்பை நிறுத்திவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

“இருப்பேன்,” என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “சரி,” என்று சொல்லிவிட்டு, பின்னலுக்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.