இரண்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு

பொங்கல் கழிந்து வரும் புதன்கிழமை துரைத்தோட்டத்துக்கு நில அளவையர் மறுபடி வருகிறார். கிராம நிர்வாக அலுவலரே இதைக் கைப்பேசியில் எனக்கு உறுதிப்படுத்தினார். அங்கே பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு யாருடையது என்பது அன்று முடிவாகும்.

நான் அந்த வீட்டைத் தேடிப் போகவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சீமைக்குக் கப்பலேறிய சரக்குகளில் நிலாவாரை இலையும் ஒன்று. மலச்சிக்கலுக்கான மருந்து இலை. ஒரு வெள்ளைக்காரத் துரை அதைப் பயிரிட்ட தோட்டம் கீழவைப்பார்ப் பக்கம் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை 6.40 பேருந்தைப் பிடித்தேன். உப்பளங்களைத் தாண்டி ஒரு மணி நேரம். ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கி உள்ளே நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"அங்கன என்ன அண்ணாச்சி இருக்கு? செவரும் பாம்பும்தான் கெடக்கு" என்றார் ஓட்டுநர்.

சுவர்தான். ஆனால் அப்படி ஒரு சுவரை நான் பார்த்ததில்லை. கூரை போன பங்களாவில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கடற்பாறையை அறுத்து அடுக்கி, சிப்பி சுட்ட சுண்ணாம்பால் பூசியிருக்கிறார்கள். பூச்சில் வேகாமல் தங்கிய சிப்பித் துண்டுகள் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கின. முத்துக் குளித்தவர்கள் கரையில் ஒதுக்கிய சிப்பி என்கிறார்கள். ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

பின்னால் இலை காயப்போடும் களம், அதை ஒட்டி வேலையாட்களின் வரிசை வீடுகள். துரை போனபின் நிலம் பல கை மாறிக் கடைசியில் அரசுப் புறம்போக்கானது. குடும்பங்கள் மட்டும் தலைமுறைகளாக அங்கேயே இருக்கின்றன. இப்போதுதான், குடியிருப்பவர் பெயரில் பட்டா கொடுக்க அளக்கிறார்கள்.

களத்தில் இலை புரட்டிக்கொண்டிருந்த செல்வி மோர் கொடுத்தார். வரிசையின் கடைசி வீடு அவருடையது. அதற்கு முந்தியது காதருடையது. காதரின் முன்னோர் இலை மூட்டைகளைத் துறைமுகத்துக்கு வண்டியில் ஏற்றிப்போனவர்கள். அவர் துபாயில் வேலை பார்க்கிறார். மனைவி மக்கள் காயல்பட்டினத்தில். இந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு: பொங்கலுக்கு எந்த வீடும் வெள்ளையடிக்காமல் நிற்கக் கூடாது. ஆளில்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் அடிக்க வேண்டும். காதர் வீட்டுக்குச் செல்வி அடிக்கிறார். வெள்ளிதோறும் கூட்டியும் விடுகிறார்.

அதுவே வினையானது. அளக்க வந்தவர் சுத்தமான வீட்டைப் பார்த்து, சாவி யாரிடம் என்று கேட்டிருக்கிறார். செல்வி இடுப்பிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார். இரண்டு வீடும் அவர் பெயரில் பதிவாகிவிட்டது. தெரிந்ததும் தாலுகா அலுவலகத்துக்கு ஓடி, தனக்கு வேண்டாம் என்று மனுக் கொடுத்தவரும் அவர்தான். அதன் பேரில்தான் புதன்கிழமை மறு அளவை; அன்று வீட்டுக்காரரே நேரில் நிற்க வேண்டுமாம்.

"ஓசியில வீடு வந்தா ஊரே சந்தோசப்படும். இவ அழுதுக்கிட்டுப் போய் மனு குடுக்கா" என்றார் கணவர் சுடலைமுத்து.

"இருக்க வீட்டைக் கூட்ட ஒரு நா வெளக்குமாத்தைத் தொட்டிருப்பியளா? ரெண்டை வச்சு என்ன செய்யப் போறிய?"

அவர் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. "காதர் அண்ணன் அன்னைக்கு வந்து வாசல்ல நின்னா போதும் சார். வரலைன்னா, நானே அவுக வீட்டைப் புடுங்கின மாதிரில்லா ஆயிரும்."

இந்த முறை அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்காதே, ஆளில்லாத வீடு போலவே கிடக்கட்டும் என்று பலரும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"பொங்கலும் அதுவுமா அவுக வீடு மட்டும் மூளியா நிக்கவா?"

போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டு போங்கள், வழியில் கடை இல்லை. களத்தில் செருப்போடு ஏறாதீர்கள். இலை மருந்துக்குப் போகிறது. சுவரிலிருந்து சிப்பியைப் பெயர்க்காதீர்கள். திரும்புவதற்கும் ஆட்டோவை அப்போதே பேசிவிடுங்கள்.

காதர் லீவு கேட்டிருக்கிறார். கிடைக்குமா என்பது வரும் வெள்ளிக்கிழமை தெரியும். நான் கிளம்பும்போது செல்வி வீட்டு வாசலில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது, இரண்டு பானைகளில்.