வெறுங்கரண்டிக்காரர்

உடம்பு இளைக்க வேண்டுமென்று என் இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நாலைந்து வாய்க்கு மேல் சோறு இறங்காது. அவசரப்பட்டால் விழுங்கியது திரும்பி வந்துவிடும். அந்த நேரம் பார்த்து, பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாமா மகளின் கல்யாணம். நான் வருகிறேன் என்றாலே கூடுதலாக அரிசி போட்ட குடும்பம் அது. எனக்கிருந்த ஒரே புகழ் அதுதான் என்பதால் ஆபரேஷனைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பந்தியில் சோறு பரிமாறியவர் ஒல்லியான மனிதர். காதில் பீடி செருகியிருந்தார். இலையைப் பார்க்காமல், சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்தே பரிமாறுவார். வேர்த்துப்போயிருந்த என் முகத்தைக் கண்டதும் குனிந்தார்.

"என்னங்க தம்பி, கறி ஒறப்பா?"

"வயித்துல வளையம் போட்டிருக்குண்ணே. எறங்க மாட்டேங்குது. மாமா வேற பாத்துக்கிட்டே இருக்காரு."

"இவ்வளவுதானா? நான் போடுற மாதிரி போடுறேன். நீங்க திங்கிற மாதிரி தின்னுங்க."

அதற்குப் பிறகு என் இலைக்கு மட்டும் வெறுங்கரண்டியோடு வந்து, "கூச்சப்படாதீங்க தம்பி!" என்று மண்டபமே கேட்கக் கத்தினார். நானும் வெறும் வாயை மென்றேன்.

"பய இன்னும் மாறவே இல்ல!" என்று மாமா பூரித்தார். என் சட்டை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

கை கழுவிவிட்டு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் அடுத்த பந்தியில் ஒரு தொந்திக்காரரின் இலைமேல் கரண்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அதில் சோறு இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.