மகளின் மூக்கில் வந்த கறுப்பு

முதலில் மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கை ஓடாது, எழுத எழுதப் பாதி மறந்துபோகும். சுனாமியைப் பற்றி எழுதித் தாங்க, புத்தகத்தில் போடுறம் எண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு வருவது சளியைப் பற்றித்தான். சாப்பிடுகிற நேரம் வாசிக்காதீங்க.

களுவாஞ்சிக்குடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எங்கட வீடு. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அலை அவளைச் சுருட்டிக்கொண்டு போய் ஒரு கம்பி வேலியில் விட்டது. தூக்கியபோது மூக்காலும் வாயாலும் கறுத்த தண்ணி வந்தது. சேறும் செத்த மீனும் கலந்த நாத்தம். உயிர் இருந்தது, அது போதும் எண்டு நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் அகதியாய் இருக்கும்போது அவளுக்கு மூக்கு ஓடத் தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை. விடிந்தால் விடாமல் தும்மல், எந்நேரமும் திறந்த வாய், மேலுதட்டில் இரண்டு கோடு. என் புருசனின் அக்கா, எனக்கு மச்சாள், பாயை அங்கால இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னகா, இந்தப் பைப்புக்கு ஒரு மூடி போட ஏலாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் அருவருப்புத்தான். ஒருநாள் சோற்றுக் கவளத்தில் மூக்கிலிருந்து ஒழுகி விழுந்தது. அவள் அறியாமல் வாயில் வைத்தாள். எனக்கு ஓங்காளித்தது. அதற்குப் பிறகு அவளோடு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிடுவதை விட்டேன். பெற்றவளுக்கு அப்படி வருமா எண்டு கேட்பீங்க. வந்தது.

மச்சாள்தான் மருந்தும் சொன்னாள். "கடல்தண்ணி மண்டைக்குள்ள நிக்கிது. மஞ்சள் புகை புடி."

மஞ்சள் கிழங்கை நல்லெண்ணெயில் தோய்த்து, விளக்கில் கருக்கி, புகையை மூக்கால் இழுக்கவேணும். இழுக்க வைத்தேன். அடுத்த நாள் மூக்குத் துணியில் பச்சைச் சளியோடு கறுப்புக் கறுப்பாய் வந்தது.

"பாத்தியா, சுனாமிச் சேறு," எண்டாள் மச்சாள். "முழுக்க வரட்டும்."

நம்பினேன். அவளைத் தூக்கிய அன்று வந்ததும் கறுப்புத்தானே. முகாம் விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் பின்னேரம் தவறாமல் புகை. பிடிக்கப் பிடிக்கக் கறுப்பு வந்தது. வர வர இன்னும் பிடித்தேன். அவள் ஓடுவாள். முழங்காலுக்கு இடையில் நெரித்து வைத்து வாயைப் பொத்துவேன், மூக்கால் இழுக்கட்டும் எண்டு. என் கையெல்லாம் வழுவழு எண்டு ஒட்டும். அடுப்புச் சாம்பலில் தேய்ப்பேன்.

எட்டு வயதில் ஒருநாள் சொன்னாள், "அம்மா, புகைதான் கறுப்பா வருது."

அவள் வாயில் ஒரு அடி போட்டேன்.

சண்டை முடிந்த வருசம் அவள் ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதனை எடுக்கவேண்டியவள். பக்கத்தில் இருக்க ஒரு பிள்ளைக்கும் விருப்பமில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "சுகமாக்கிக்கொண்டு கூட்டிட்டு வாங்க, மத்தப் புள்ளையளுக்கும் தொத்திடும்," எண்டார். நானும் ஐந்தாம் வகுப்பில்தான் நின்றேன். இவளும் அதிலேயே நின்றுவிடக் கூடாது எண்டு நினைத்தேன்.

பெரியாஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். டாக்டருக்குச் சேற்றைக் காட்ட ஒரு கிழமை, ஏழு நாளும் மூக்குத் துடைத்த துணிகளைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் பைக்குள் கையை விட்டான். விட்டவன் உடனே எடுத்து, காற்சட்டையில் துடைத்துத் துடைத்து, போ போ எண்டு கையைக் காட்டினான். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பெண்பிள்ளை. வெளிச்சம் அடித்து மூக்குக்குள் பார்த்தார். நடு எலும்பு ஒரு பக்கம் வளைந்திருக்கு, அந்தத் துவாரம் ஒடுங்கிப்போச்சு, பிறக்கும்போதே இருந்திருக்கலாம் எண்டார். வெட்டுறதெண்டாலும் வளர்ந்த பிறகு பார்ப்பமாம். ஓடுகிறது வேறு விசயமாம், அலர்ஜி. தூசி, பழைய போர்வை, புகை ஆகாது. மற்றவர்களுக்குத் தொற்றாது.

நான் துணியை விரித்தேன். "இது சுனாமிச் சேறு, டாக்டர்."

அவர் குனிந்து பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. "அஞ்சு வருசமாச் சேறு நிக்காது, அம்மா. வீட்டில என்ன எரிக்கிறீங்க?"

நான் துணியை மடிக்கத் தொடங்கினேன். மகள்தான் சொன்னாள், "மஞ்சள்."

மூக்குக்கு அடிக்க ஒரு மருந்து தந்து, கொதித்தாறிய உப்புத்தண்ணியால் கழுவச் சொன்னார். உப்புத்தண்ணியா, கடல்தண்ணி குடித்த பிள்ளைக்கா எண்டு கேட்டேன். அடுத்த நாள் கிணற்றடியில் அந்தத் தண்ணியை விடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "தாங்கம்மா, நானே விடுறன்," எண்டு வாங்கிக்கொண்டாள். ஒரு மூக்கால் விட மற்றதால் கயிறுபோலக் கறுப்புச் சளி தொங்கியது. எனக்குக் குமட்டியது. அவளைப் பார்த்து அல்ல, என் கையைப் பார்த்து. அதில் மஞ்சள் சுட்ட வாசம் இன்னும் இருந்தது.

ஒரு கிழமைக்குள் துணியில் கறுப்பு இல்லை. தும்மல் குறைந்ததே தவிர முழுக்க நிற்கவில்லை, எலும்பும் வளைந்தபடிதான். தொற்றாது எண்டு டாக்டர் எழுதித் தந்த கடதாசித் துண்டை டீச்சரிடம் கொடுத்தேன். மகள் திரும்பப் பள்ளிக்கூடம் போனாள்.

"நான் அப்பவே சொன்னன்தானே," எண்டு ஒரே ஒரு தரம் சொன்னாள். "ஓம்" எண்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

எலும்பு வளைந்தது இடப் பக்கமா வலப் பக்கமா, உப்பு எத்தனை கரண்டி, நாங்கள் போனது சண்டை முடிய முந்தியா பிந்தியா, ஒன்றும் எனக்கு நிச்சயமில்லை. வாயில் அடித்தது நிச்சயம். மற்றதையெல்லாம் யாராவது மகளிடம் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்க.