ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள்

எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு துபாயில் ஒரு மனுஷரிடம் சொல்லித் தொலைத்திருந்தால் போதும். சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்னொரு மனுஷர் வேலையை இழந்து ஊருக்குப் போனார். இத்தனை வருஷம் இதை வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் துபாயில் தேரா பகுதியில் ஒரு துணி இறக்குமதி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். வந்து ஒன்பது மாசம். முதலாளியை எல்லோரையும் போல நாங்களும் அர்பாப் என்றுதான் சொல்வோம். நாற்பது வயசு இருக்கும். அவருடைய அப்பா தோணியில் பம்பாய் போய்வந்த வியாபாரி, இந்தியில் பேரம் பேசுவாராம். மகனைக் கெய்ரோவுக்குப் படிக்க அனுப்பிவிட்டார், அதனால் மகனுக்கு இந்தி வராது. அரபியும் இங்கிலீஷும்தான். எனக்கு இங்கிலீஷ் வரும். இந்தியும் வந்துவிட்டிருந்தது. ஊரில் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் ஏறி இந்தி எழுத்து மேல் தார் பூசின ஆள் நான். இங்கே வந்து ஆறே மாசத்தில் ‘அச்சா பாய், ஜல்தி பாய்’ என்று வெட்கமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் யார் யாரோடு பேச வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஒருநாள் காலையில் கடிதங்களில் கையெழுத்து வாங்க அர்பாப் அறைக்குள் போனேன். மேஜை மேல் விரித்து வைத்திருந்த புத்தகத்தை அவர் சட்டென்று மூடினார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். துப்பாக்கி கேட்லாக். யாரோ இங்கிலீஷ்கார ஏஜென்ட் கொடுத்தது. கையெழுத்தை வாங்கினோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே? என் வாய் சும்மா இருக்குமா?

“சார், நான் ராணுவப் பயிற்சியில் சுட்டிருக்கிறேன்” என்றேன்.

ராணுவப் பயிற்சியாம்! காலேஜில் என்.சி.சி. கேம்ப். குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டேன். நாலு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஐந்தாவது பக்கத்துப் பையனுடைய பலகையில் பட்டு அவனுக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது. தோளில் நீலம் பாரித்து ரெண்டு நாள் டிபன் கேரியரைத் தூக்க முடியவில்லை. என்னுடைய மொத்த ராணுவ வாழ்க்கையும் அவ்வளவுதான்.

அர்பாப் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். குளிர்காலம் வந்தால் கூட்டாளி வியாபாரிகள் எல்லாம் பாலைவனத்துக்கு முயலும் பறவையும் வேட்டையாடப் போகிறார்கள், இவரையும் கூப்பிடுகிறார்கள். இவர் வீட்டில் தலைமுறையாகத் துணிதான் அளந்தார்கள், யாரும் துப்பாக்கியைக் கையில் எடுத்ததில்லை. ஊருக்கு வெளியே புது வீடு வேறு கட்டிக் குடிபோயிருக்கிறார், காம்பவுண்டு சுவர் பாதிதான் எழும்பியிருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேட்டைக்கும் ஆக வேண்டும், வீட்டுக் காவலுக்கும் ஆக வேண்டும். ஒரே துப்பாக்கி.

“எனக்கு ஒன்றும் தெரியாது. நீ தேர்ந்தெடுத்துக் கொடு. நீதான் தேர்ந்தெடுத்தாய் என்று வெளியே தெரிய வேண்டாம்” என்றார்.

முதலாளி அவர். தெரியாது என்பதைத் தன்னிடம் சம்பளம் வாங்குகிறவனிடம் ஒப்புக்கொள்கிறார். நான், ஒன்பது மாசத்து டைப்பிஸ்ட், தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

கேட்லாகை ரூமுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் படித்தேன். ரூமில் நாங்கள் ஆறு பேர். “என்ன துரை, புலி வேட்டையா, யானை வேட்டையா?” என்று கிண்டல் பண்ணினார்கள். நானும் “முதலில் உங்களைச் சுட்டுப் பழகுகிறேன்” என்று பதில் கொடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தேன். ட்வெல்வ் போர், சோக், எஜெக்டர் என்று வார்த்தைகளை மட்டும் நெட்டுருப் போட்டேன். தோட்டாவுக்கு அளவு உண்டு, பன்னிரண்டு நம்பரைவிட இருபது நம்பர் சின்னது என்று அந்தப் புத்தகத்திலேயே எங்கேயோ போட்டிருந்திருப்பான். நான் படம் பார்த்தேன்.

கடைக்கு எங்களை அழைத்துப்போனவர் ஆபீஸ் டிரைவர். பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், ஐம்பதை நெருங்கிய ஆள், தாடியில் மருதாணிச் சிவப்பு. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம்தான், ராத்திரி அர்பாப் வீட்டு முற்றத்திலேயே படுத்துக்கொள்வார். அரபியில் யல்லா என்றால் கிளம்பு, மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது, இந்த மூன்றோடு சரி. அன்றைக்கெல்லாம் அவரை நான் அவன் இவன் என்றுதான் பேசுவேன். என் அப்பா வயசு என்பது தோன்றவே இல்லை.

கடைக்காரர் ஈரானி. மூன்று துப்பாக்கிகளைக் கண்ணாடி மேல் எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பாக, குட்டையாக, ஒரு அலங்காரமும் இல்லாமல் இருந்தது. கடைசியில் இருந்தது இரட்டைக்குழல். பக்கவாட்டில் வெள்ளித் தகட்டில் காடையும் இலையுமாகச் செதுக்கியிருந்தான். பார்த்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது.

டிரைவர் பின்னாலிருந்து மெல்ல இந்தியில் சொன்னார்: “பாபு, வீட்டுக்கும் வேட்டைக்கும் சேர்த்து என்றால் அந்தக் கறுப்புதான் நல்லது. புது ஆளுக்கு அடக்கமாக இருக்கும். அதோடு பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று முதலில் வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.”

“பாய், நீ போய் வண்டியைப் பார்” என்றேன்.

அவர் வெளியே போய்விட்டார்.

வெள்ளித் தகட்டு இரட்டைக்குழலை எடுத்தோம். அப்புறம் சாமான்கள். ஆகா, என்ன சாமான்கள்! உள்ளே சிவப்பு வெல்வெட் தைத்த தோல் பெட்டி, தோளில் மாட்ட வார், பித்தளைப் பிடி போட்ட துடைக்கும் கம்பி, எண்ணெய்க் குப்பி, தோளில் இடிக்காமல் இருக்க ரப்பர் மெத்தை, தோட்டா செருகுகிற இடுப்பு பெல்ட். கல்யாணத்துக்குச் சீர் வாங்குகிற மாதிரி வாங்கினேன். இரும்புப் பெட்டி மட்டும் வாங்கவில்லை, அது பார்க்க நன்றாக இல்லை. அர்பாப் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். தோட்டா டப்பா கேட்டேன், சிவப்புத் தோட்டா கொடுத்தார் கடைக்காரர். அலமாரியில் மஞ்சளும் இருந்தது, பளிச்சென்று. “அதிலும் ஒரு டப்பா” என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வீட்டில் வேறு துப்பாக்கி இருக்கிறதா?” என்று கேட்டார்.

ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ள மனசு வரவில்லை. “இருக்கிறதே” என்றேன். மடையன்!

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து பெல்ட்டை நானே அடுக்கினேன். ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். கதம்பம் கட்டின மாதிரி அவ்வளவு அழகு. மஞ்சள் மட்டும் பெல்ட்டில் கொஞ்சம் லூசாக ஆடியது. தலையில் மூளை இருக்கிறவன் அங்கேயாவது யோசித்திருப்பான். நான் டைப் அடிக்கிற காகிதத்தைக் கிழித்து, மடித்து, ஒவ்வொரு மஞ்சளுக்கும் பக்கத்தில் செருகி இறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை. அர்பாப் வீட்டு முற்றத்தில் வண்டி தயாராக நின்றது. விருந்தாளி வியாபாரிகள் உள்ளே சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டைக்கு வழியனுப்ப, அதாவது பாராட்டு வாங்க, நானும் போயிருந்தேன். அர்பாப் வெளியே வந்து வண்டியில் இருந்த பெல்ட்டை எடுத்தார். பாதி காலி. மஞ்சள் ஒன்றுகூட இல்லை. டிரைவருடைய நீளச் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. அர்பாப் கை நீட்டினார். டிரைவர் தயங்காமல் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வண்டியின் பானட் மேல் வைத்தார். பன்னிரண்டு மஞ்சள் தோட்டா. கூடவே மடித்த காகிதத் துண்டுகள்.

“இது என்ன?” என்று அர்பாப் கத்தினார். டிரைவர் “மாஃபி, மாஃபி” என்று கையை ஆட்டிக்கொண்டு துப்பாக்கியைத் திறந்து எதையோ காட்டப் போனார். அர்பாப் பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, “என்ன செய்தான்? கேள்” என்றார்.

கேட்டேன். டிரைவர் மூச்சு வாங்கச் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

“பாபு, மஞ்சள் சின்ன அளவு. இந்தக் குழலில் போட்டால் நிற்காது, வழுக்கி உள்ளே போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். சுடவில்லையே, குழல் காலி என்று நினைத்து ஆள் மேலே ஒரு சிவப்பைப் போடுவான். விசையை இழுத்தால் குழல் வெடித்துவிடும். என் தம்பிக்கு இடது கை அப்படித்தான் போச்சு. யாரோ தெரியாதவன் அடுக்கியிருக்கிறான். எஜமானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எடுத்து வைத்தேன். நீங்கள் வந்ததும் உங்களிடம் சொல்ல இருந்தேன். சொல்லுங்கள் அவரிடம்.”

யாரோ தெரியாதவன். கடையில் மஞ்சளை நான் வாங்கியபோது அவர் வெளியே வண்டியருகே நின்றார். நான்தானே அனுப்பினேன்.

வேலை போய்விடுமே, ஊருக்குத் துரத்திவிடுவாரே என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். முதலில் வந்தது வேறு. இவனுக்குத் துப்பாக்கி தெரியாது என்று அர்பாபுக்குத் தெரிந்துவிடுமே என்ற மானக்கேடு.

“என்ன சொல்கிறான்?” என்றார் அர்பாப்.

“தப்பு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்கிறான், சார்.”

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! தப்பு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர் என்று ஆக்கிவிட்டேன்.

அர்பாப் பொரிந்து தள்ளினார். பிள்ளைகள் இருக்கிற வீட்டு முற்றத்தில் படுத்துக்கொண்டு தோட்டா திருடுகிறானே, யாரைச் சுட, எந்தத் திருடனுக்கு விற்க? வீட்டைக் காக்கத் துப்பாக்கி வாங்கினால் வீட்டுக்குள்ளேயே திருடன்! “போலீஸுக்குச் சொல்ல மாட்டேன். கலாஸ். விசா கேன்சல்” என்றார். நான் இரண்டு கையையும் கூப்பி, “மன்னித்துவிடுங்கள் சார், பாவம் சார், வயசானவர் சார்” என்று கெஞ்சினேன். திருட்டை உறுதிப்படுத்துகிற கெஞ்சல். ஆனால் கெஞ்சினேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. டிரைவர் என் கூப்பிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் செய்ததுதான் இன்னும் கேவலம். அர்பாப் மஞ்சள் தோட்டாக்களை வாரி மறுபடியும் பெல்ட்டில் செருகப் போனார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். “வேண்டாம் சார், கையழுக்கும் வேர்வையும் பட்டிருக்கும், சரியாக வெடிக்காது. நான் வேறு வைத்துத் தருகிறேன்” என்று பெல்ட் முழுக்கச் சிவப்பாக அடுக்கிக் கொடுத்தேன். அவரைத் திருடன் ஆக்கின வாயின் ஈரம் காயுமுன்னே அவர் சொன்னபடியே செய்தேன். அந்த மனிதர் சொன்னதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருக்கவில்லை.

அர்பாப் இரண்டு முயலோடு திரும்பினார். சனிக்கிழமை ஆபீஸில் என் முதுகில் தட்டி, உன் துப்பாக்கியை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்றார். அதே சூட்டில் டிரைவருடைய கேன்சல் கடிதத்தை அடிக்கச் சொன்னார். மூன்று காப்பி, கார்பன் வைத்து அடித்தேன். ‘நம்பிக்கை மோசடி காரணமாக’ என்பதை இங்கிலீஷில் எப்படிப் போடுவது என்று அவர் கேட்டார். நல்ல வார்த்தையாக நானே எடுத்துக் கொடுத்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த வாரக் கடைசியில் டிரைவர் கிளம்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு போர்வைச் சுருட்டு. ஆபீஸ் வாசலில் டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“பாபு!”

போனேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கக்கூடாதா?

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எனக்காக இந்த ஊரில் கை கூப்பின ஆள் நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் எவ்வளவோ எடுத்துச் சொன்னீர்கள். எஜமான் நம்பவில்லை. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்றார். ஆறுதல் சொல்கிறார், எனக்கு!

டாக்ஸி வந்து நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு மறுபடியும் என்னிடம் வந்தார்.

“ஒரே ஒரு காரியம் பாபு. அந்த மஞ்சளைத் திரும்ப யாரும் பெல்ட்டில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரும்புப் பெட்டியையும் எப்படியாவது வாங்க வைத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகள் ஓடுகிற வீடு. நான் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் கவலைப்படாமல் போகிறேன்.”

நான்தான் பாய் அடுக்கினேன், நான்தான் அந்தத் தெரியாதவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

“அச்சா பாய்” என்றேன்.