நிலம் இளகிய பிறகு

இலண்டனுக்கு வருமுன் நானும் என் கணவரும் நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். எங்கள் முதல் பிள்ளை அங்கேதான் பிறந்தான். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நாட்களில், பனி கொட்டும் நடுமாரியில், காய்ச்சல் வந்து இறந்துபோனான்.

பச்சைப் பிள்ளையை எரிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. புதைக்கலாம் என்றால் நிலம் கல்லாக உறைந்து கிடந்தது. கோடை வரும்வரை பொறுக்கச் சொன்னார் இடுகாட்டைப் பார்ப்பவர். அந்த ஊரில் மாரியில் இறப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் காத்திருப்பார்களாம். பிள்ளையை ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் விட்டுவிட்டு, பால் கட்டிய மார்போடு நான் மீன் வெட்டப் போனேன்.

கோடையில் குழி தோண்டினார்கள். மேல்மண் வெறும் சேறு. இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி சத்தத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே உள்ள மண் எந்தக் கோடையிலும் இளகாது, உருகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல்தான் மேலே சேறாகத் தேங்குகிறது என்றார் இடுகாட்டைப் பார்ப்பவர். உறைமண்ணைக் கடப்பாரையால் இடித்துப் பள்ளமாக்கிச் சின்னப் பெட்டியை இறக்கினோம். இந்தக் குளிரில் எப்படிக் கிடக்கப்போகிறான் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பிறகு இலண்டன் வந்தோம். கோலியர்ஸ் வுட்டில் கடை போட்டோம். ஒரு மகள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள்.

போன கோடையில் அந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது. இளகாது என்ற நிலம் இளகத் தொடங்கிவிட்டதாம். மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருகி, இடுகாட்டின் கடற்பக்கச் சரிவு உள்ளே இறங்கிவிட்டது. அங்கே புதைக்கப்பட்டவர்களைப் பாறைப்பாங்கான மேட்டுக்கு மாற்றுகிறார்கள். பெற்றோர் வரலாம் என்றார்கள்.

“நீர் வாறீரோ?” என்று கணவர் கேட்டார்.

“என்னால ஏலாது. நீங்கள் போட்டு வாங்கோ.”

போனவர் ஒரு மத்தியானம் கடைக்குப் போன் எடுத்தார்.

“பெட்டி உடைஞ்சு போச்சு,” என்றார்.

“பிள்ளை?”



“இருக்கிறான்.”

“என்ன சொல்லுறியள்?”

“அப்பிடியே இருக்கிறானப்பா. அவனைச் சுத்தி ஐஸ் இன்னும் உருகேல்லை. நீர் பின்னின தொப்பியும் தலையில கிடக்கு. நான் கிழவனாப் போனன். அவன் அப்பிடியே கிடக்கிறான்.”

வாடிக்கையாளர் ஒருவர் பால் போத்தலோடு எதிரே நின்றார். நான் போனைக் கையில் பிடித்தபடி கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டேன். அவர் போத்தலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

“மேட்டில வைக்கச் சொல்லட்டோ?” என்று கணவர் கேட்டார்.

“அந்த மண்ணும் ஒருநாள் இளகாதெண்டு ஆர் சொன்னது? வேண்டாம். எரிச்சுப்போட்டுக் கொண்டு வாங்கோ.”

“குழந்தையை எரிக்கிறேல்லையே.”

“திரும்பவும் என்ர பிள்ளையை ஐஸுக்குள்ள வைக்க விடமாட்டன்.”

அவர் எரிக்கவே ஏற்பாடு செய்தார். அனுமதிப் பத்திரங்களெல்லாம் வந்து சேர நாளெடுத்தது. கைக்குள் அடங்கும் ஒரு டப்பாவோடு திரும்பி வந்தார். தனக்கு ஒரு அண்ணா இருந்தது மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கோபப்படுவாள் என்று பயந்தேன். அவளோ லீவு போட்டுவிட்டு எங்களோடு தேம்ஸ் கரைக்கு வந்தாள். பச்சைப் பிள்ளைக்கு இந்தக் கிரியை இல்லை என்று கோயில் ஐயர் வர மறுத்துவிட்டதால் நாங்களே கரைத்தோம். கடல் வற்றோடு ஆற்றுத் தண்ணீரும் கரையை விட்டு இறங்கும் நேரம். சாம்பல் போகாமல் கரைச் சேற்றில் ஒட்டிக்கொண்டது. மகள் சப்பாத்தோடு இறங்கிக் கையால் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினாள்.

முகம் எப்படி இருந்தது என்று நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. அவர் கடையில் ஐஸ் பெட்டிப் பக்கம் போவதில்லை. உறைமீன் கேட்டு ஆட்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்.