சிம்மாசலத்தின் நாலாவது பானை

எங்கள் ஊர் பலாசாவில், முந்திரி ஆலையில் என் பக்கத்துப் பலகையில் உட்காருகிறவள் சிம்மாசலம். அவளுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது. கொட்டையை உடைத்துத் தோலை உரித்து, முழுசை ஒரு பக்கம், பாதியை ஒரு பக்கம், குருணையை ஒரு பக்கம் ஒதுக்குவதற்குள் இரண்டு வீட்டுச் சண்டையைச் சொல்லி முடித்திருப்பாள். உறவில் எனக்கு அண்ணி. உறவே இல்லாவிட்டாலும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து கர்ப்பப்பை இறங்கியிருந்தது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வருவாள். ஒருநாள் மூட்டையைத் தூக்கப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஸ்ரீகாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றால், "அங்க ஆம்பள டாக்டர் இருந்தா கூர்மம்மா?" என்பாள். பெண் டாக்டர்தான் என்று விசாரித்துச் சொன்னால், "அன்னிக்கு வீட்ல சோறு யார் பொங்குவா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கூச்சத்துக்கு எத்தனை சாக்கு!

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மா ஸ்வர்ணகுமாரி எங்கள் தெருவுக்கு வந்தார். வாரம் ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரை எங்கள் தெருவுக்கே அனுப்பப்போகிறார்களாம். ஒரே ஒரு டாக்டர்தான். மூட்டு வலிக்கா, மூச்சு இழுப்புக்கா, முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுப் புண்ணான கைக்கா, இல்லை பெண்கள் டாக்டரா என்று பெண்களிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டுமாம். எப்படிக் கேட்பது என்று திட்டம் போட உள்ளூர்க்காரி ஒருத்தி வேண்டும் என்றார். சிம்மாசலம் முந்திக்கொண்டு எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"வாயால கேட்டா எவளும் சொல்லமாட்டா நர்ஸம்மா," என்றாள். "நல்லாத்தான் இருக்கோம்னுட்டு எந்திரிச்சுப் போயிடுவாளுங்க. தரையில படம் போட்டு வெப்போம். யாருக்கு எது கஷ்டமோ, அதுமேல முந்திரிய வெக்கட்டும்."

"முந்திரியா?"

"எங்க ஊர்ல வேற என்ன கெடைக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை ராமர் கோயில் கூடத்தில் சிம்மாசலமே நான்கு படம் வரைந்தாள். வீங்கின முழங்கால், இருமுகிற நெஞ்சு, புண் பிடித்த கை, கடைசியில் தலைகீழாக ஒரு சுருக்குப்பை. எங்கள் தெருவில் வாய்க்குப் பேர்போன பைடம்மா அத்தை அதைக் குனிந்து பார்த்தாள்.

"பைய எதுக்குடி கவுத்துப் போட்டிருக்க? புகையில கொட்டிப் போயிடாதா?"

"அது பை இல்ல அத்தை. பிள்ள பெத்தவளுக்குக் கீழ இறங்குமே, அது."

"சீச்சீ! சாமி இருக்கிற எடத்துல வரையற படமாடி இது?"

கூடமே சிரித்தது. சிம்மாசலமும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். அத்தையின் வாயில் அப்போதே ஒரு பிடி மண்ணைப் போட்டிருப்பேன். வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன்.

ஆளுக்கு ஒரு பிடி, பிரிக்காத முந்திரி கொடுத்தோம். கும்பல் கும்பலாகப் படங்களைச் சுற்றி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே வைத்தார்கள். எல்லோரும் வைத்து முடித்ததும் நர்ஸம்மா எண்ணிப் பார்த்தார். புண்பட்ட கைமேல்தான் அதிகம். சுருக்குப்பைமேல் ஒன்றுகூட இல்லை.

"அப்போ தோல் டாக்டர்னு எழுதிடலாமா?" என்றார்.

சிம்மாசலத்தின் முகம் செத்துப்போனது. அப்போதுதான் குவியல்களைச் சரியாகப் பார்த்தேன். முழங்கால்மேல் இருந்தது அத்தனையும் முழுசு. நெஞ்சின்மேல் எல்லாம் பாதி. கையின்மேல் எல்லாம் குருணை.

"அண்ணி, நீ எங்க வெச்ச?"

"நான்..." தன் கைகளையே பார்த்தாள். "ஐயையோ கூர்மம்மா! நானும் பிரிச்சுல்ல வெச்சிருக்கேன்!"

நாளெல்லாம் முந்திரி பிரிக்கிற கைகள் வேறென்ன செய்யும்? படத்தை எவள் பார்த்தாள்? பைடம்மா அத்தை ஒருத்திதான் பிரிக்கவில்லை. அவள் தன் பங்கைத் தின்றுவிட்டாள். நர்ஸம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி வெப்போம் நர்ஸம்மா," என்றாள் சிம்மாசலம், சிரிப்பு அடங்கியதும். "புளியங்கொட்டை குடுப்போம். அதுல பிரிக்க ஒண்ணுமில்ல. அப்புறம், எல்லாரும் பாக்கற எடத்துல வெக்கச் சொன்னது என் தப்பு. என்னாலயே முடியாது, அடுத்தவ எப்படி வெப்பா?"

அவள் தன்னைப் பற்றி வாய்விட்டுச் சொன்ன முதல் சொல் அது. நர்ஸம்மா தலையாட்டிவிட்டு, எழுத எடுத்த பேனாவை மூடினார்.

அடுத்த ஞாயிறு கூடத்தின் மூலையில் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினோம். திரைக்குப் பின்னால் வாய் குறுகின நான்கு பானைகள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு படம். ஒருத்தி ஒரு பிடி புளியங்கொட்டையோடு போய் வந்த பிறகுதான் அடுத்தவள் போக வேண்டும். பைடம்மா அத்தை உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. "தூங்கிட்டீங்களா அத்தை?" என்று வெளியிலிருந்து கேலி செய்தார்கள். வழக்கமாகப் பதிலுக்கு நாலு கொடுப்பவள், அன்று பேசாமல் வந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் எல்லோர் முன்னாலும் பானைகளைக் கவிழ்த்தோம். முதல் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் விழுந்தது. சுருக்குப்பை போட்ட நாலாவதை நான் தூக்கினேன், கை கனத்தது. கவிழ்த்ததும் புளியங்கொட்டைகள் சலசலவென்று கொட்டி, சிம்மாசலத்தின் காலடிவரை உருண்டு போயின.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிம்மாசலம் ஒரு கொட்டையைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன பேருமா கூர்மம்மா? இத்தன பேருமா துணியக் கட்டிக்கிட்டு என்கூட உக்காந்திருந்தாளுங்க?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். துக்கம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் பாரம் இறங்கின நிம்மதி.

பெண்கள் டாக்டர் முதல்நாள் வந்தபோது, விடிந்ததும் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள் சிம்மாசலம். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் இருந்த அறைக் கதவு திறக்கிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு முழங்கை அவளை இடித்துத் தள்ளியது.

"நகரு. வயசுல பெரியவ, நான் மொதல்ல போறேன்." பைடம்மா அத்தை.

"அத்தை! உங்களுக்குமா?"

"ஏன், உனக்கு மட்டும் எழுதி வெச்சிருக்கா? நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து எனக்கு இருக்குடி."

சிம்மாசலம் சிரித்துக்கொண்டே அத்தையின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள்.