இடது பக்கக் கதவு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூரில் பிடோக் பக்கம் ஒரு கார் பாலிஷ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. புதிதாகத் தொழில் கற்றவர்களுக்கு வரும் வியாதி எனக்கும் இருந்தது. தெரிந்ததையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்லிக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் காலை எழுபது வயது மதிக்கத்தக்க தமிழர் ஒருவர் கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டி. அவருடைய மகனுடையது. மகன் நான்கு மாதங்களுக்கு முன் நோயில் இறந்துவிட்டாராம். வண்டியை விற்கும் முன் கீறல்களையெல்லாம் எடுத்துத் தர வேண்டும் என்றார். “அவன் எப்படி வச்சிருந்தானோ அப்படியே குடுக்கணும் தம்பி.”

பாலிஷ் போடும் முன், பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்ப்போம். மெல்லிய இடத்தில் அழுத்தித் தேய்த்தால் பெயின்டே போய்விடும். அவரும் கூடவே நின்றார். எல்லா இடத்திலும் நூறு மைக்ரானை ஒட்டியே காட்டிய கருவி, இடது பக்கக் கதவில் முந்நூற்றைத் தாண்டியது.

எனக்கு ஒரே உற்சாகம். “அங்கிள், இது கம்பெனி பெயின்ட் இல்ல. கதவு நல்லா அடிபட்டிருக்கு. தட்டி எடுத்து, முழுசா புதுசா அடிச்சிருக்காங்க. உங்க மகனை யாரோ ஏமாத்தி வித்துட்டாங்க” என்று பெரிய நிபுணன் மாதிரி சொன்னேன்.

“இல்லையே, அவன் புது காராத்தான் வாங்கினான்” என்றார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியது.

“நான்தான் தம்பி. இந்தக் காரை எடுத்துக்கிட்டு ஃபேரர் பார்க்ல சாமான் வாங்கப் போனப்ப கார்பார்க் தூண்ல உரசிட்டேன். இறங்கிக்கூடப் பாக்கல. ‘இவ்ளோ அகலமான காரை ஏன்டா வாங்கின?’ன்னு அவனையே ஏசினேன். ரெண்டு நாள் கழிச்சு, ‘சின்ன கோடுதான்ப்பா, பாலிஷ்லயே போயிடுச்சு லா’ன்னு சொன்னான்.”

அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “கதவையே புதுசா அடிச்சிட்டு எங்கிட்ட மறைச்சிட்டான். ஒரு சாரிகூட சொல்லலையே” என்று அழுதார். நான் கையில் துணியோடு நின்றேன். என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் எடுக்க வந்தபோது வண்டி கண்ணாடியாய் மின்னியது. அவர் அந்தக் கதவின் முன் மட்டும்தான் நின்றார். “வாங்கறவங்ககிட்ட நான்தான் இடிச்சேன்னு சொல்லிடறேன் தம்பி” என்றார். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போதும் கருவியை வைத்துப் பார்க்காமல் நான் பாலிஷ் போடுவதில்லை. ஆனால் கருவி காட்டும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்கிறேன், கேட்டால் மட்டும் சொல்கிறேன். மகனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாமல் போன பிறகு, எதற்காகக் கேட்டிருக்க வேண்டும் என்பதை அந்த அப்பாவுக்கு நான் சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.